புகை மணியை வீட்டில் எங்கே பொருத்துவது?

சென்ற ஐப்பசி அடைமழையின்போது நமது சங்க அங்கத்தினர் ஒருவரின் இல்லத்தில் இரவு இரண்டு மணி அளவில் தீப்பற்றிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அவர் சங்கத்தில் பெற்றுச் சென்றிருந்த இரண்டு பாவுக்குரிய நூலும், நெய்து முடித்து மறுநாள் கொண்டுவர வேண்டியிருந்த ஐந்து சேலைகளும், தறியின் மேற்பாகமும் கரிந்து போயின. இன்வெர்ட்டருக்குச் செல்லும் மின்கம்பியின் இணைப்பு தளர்ந்து சூடேறி, அருகில் குவிந்து கிடந்த கழிவுப் பஞ்சில் கனல் பிடித்திருக்க வேண்டும் என்று தீயணைப்பு நிலையத்தார் கருதினார்கள். பஞ்சின் இயல்பு யாவரும் அறிந்ததே. அது உடனே கொழுந்துவிட்டு எரிவதில்லை. உள்ளுக்குள்ளேயே கனன்று, புகைந்து, நெடுநேரம் கழித்தே சுடர்விடும். அந்த நெடுநேரம் முழுவதும் வீட்டில் இருந்த ஏழு பேரும் உறங்கிக் கொண்டிருந்தனர். இருமல் நோயுள்ள மூதாட்டி விழித்துக் கொண்டதால் அனைவரும் பிழைத்தனர்.

இச்செய்தியில் நம்மை வருத்தியது வேறொன்று. அந்த வீட்டில் மூன்று புகை மணிகள் இருந்தன. கடைக்காரர்கள் ஸ்மோக் அலாரம் என்று கூறும் இக்கருவியை நாம் இக்கட்டுரையில் புகை மணி என்றே குறிப்பிடுவோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மூத்த மகன் பொங்கலுக்கு வந்தபோது வாங்கி வந்தவை அவை. அந்நாட்டில் 2018 ஜூன் 1 முதல் புதிதாகக் கட்டப்படும் குடியிருப்புகளில் இக்கருவி இருந்தே தீர வேண்டும் என்பது சட்டம். ஆகவே மகனுக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. ஊருக்கு வந்த மறுநாளே ஏணி போட்டு மூன்றையும் பொருத்திவிட்டுச் சென்றார். ஆனால் தீப்பற்றிய இரவில் அம்மூன்றும் செய்தித்தாளில் சுற்றப்பட்டு, பரண்மேல் ஒரு பித்தளை அண்டாவுக்குள் பத்திரமாக உறங்கிக் கொண்டிருந்தன. மின்கலங்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் கைக்கருவிக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போய்விட்டன.

நாமும் சங்கக் காரியதரிசியும் அவ்வீட்டிற்குச் சென்று விசாரித்தோம். பெரியவர் தயங்கித் தயங்கிக் கூறினார். ஒரு மணி சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே பொருத்தப்பட்டிருந்தது. கடுகு தாளித்தாலும் அலறும், மிளகாய் வறுத்தாலும் அலறும். நான்காம் நாள் மருமகள் அதனைக் கழற்றிவிட்டார். இரண்டாவது, பூசை அலமாரிக்கு எதிரில். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் அது கூவிற்று. மூன்றாவது தறிக்கூடத்தில், மின்விசிறிக்குப் பக்கத்தில். சில வாரங்கள் ஊமையாயிருந்த அது, பிறகு காரணமில்லாமல் நள்ளிரவில் கத்தத் தொடங்கிற்று. “பிள்ளை ஆசையா வாங்கியாந்தது. தூர எறிய மனசு வரலீங்க. அதான் அண்டாவுல போட்டு வெச்சேன்” என்றார்.

அவரைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. மூன்று கருவிகளும் பழுதற்றவை. பொருத்தப்பட்ட இடங்கள்தாம் மூன்றும் தவறானவை. ஓயாது பொய் கூவும் மணியை எந்தக் குடும்பமும் வைத்திருக்காது. இடத்தைத் தவறாகத் தேர்ந்தால் கருவி வீணாகும் என்பதோடு நில்லாமல், கருவியின் மீதே வெறுப்பும் உண்டாகிவிடுகிறது. அண்மைக் காலத்தில் வெளிநாட்டிலிருந்தும் நகரத்துக் கடைகளிலிருந்தும் நம் அங்கத்தினர் பலர் இதனை வாங்கி வருவதால், எங்கே பொருத்துவது என்பதைச் சற்று விரிவாக எழுத முன்வந்தோம்.

கருவியின் இயல்பு

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். புகை மணியில் இரு வகை உண்டு. முதலாவது அயனி வகை. இதன் வரலாறு சுவையானது. 1930களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வால்ட்டர் யேகர் என்ற பௌதிக அறிஞர் நச்சுவாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். நச்சுவாயுவை அக்கருவி சிறிதும் சட்டை செய்யவில்லை. மனம் சலித்து அவர் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார். அந்தப் புகைக்குக் கருவியின் முள் அசைந்தது! அன்று தற்செயலாகக் கண்ட உண்மையே இவ்வகை மணிகளுக்கு மூலமாயிற்று. அமெரிசியம் என்னும் கதிரியக்கப் பொருளின் துளியளவு இதனுள் இருக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயை இது விரைந்து உணரும்.

இரண்டாவது ஒளிமின் வகை. இருண்ட சிறு அறைக்குள் ஒளிக்கதிர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். புகைத் துகள்கள் உள்ளே புகுந்தால் ஒளி சிதறி, பக்கத்திலுள்ள ஒளியுணர்வியின் மேல் படும், மணி ஒலிக்கும். சுடரின்றிக் கனன்று புகையும் தீயை இவ்வகையே முந்தி அறிகிறது. நூலும் பஞ்சும் மெத்தையும் துணியும் நிறைந்த நெசவாளர் இல்லங்களில் பெரும்பாலும் கனன்று புகையும் தீதான் நேருமாதலால், ஒளிமின் வகையையே வாங்குக என்று நாம் தயக்கமின்றிக் கூறுவோம். சமையற் புகைக்கு வீணாக அலறுவதும் இதில் குறைவு.

புகையை உணராமல் வெப்பத்தை மட்டும் உணரும் வெப்ப மணி என்றொரு கருவியும் உண்டு. சுற்றுப்புறம் ஏறக்குறைய 57 பாகை செல்சியஸை எட்டினால் அது ஒலிக்கும். அதன் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

எங்கே உறங்குகிறோம்?

எங்கே தீப்பிடிக்கும் என்று எண்ணி அங்கே மணியைக் கட்டுவதே யாவருக்கும் முதலில் தோன்றுவது. சிங்கப்பூர் மகனும் அவ்வாறே எண்ணி அடுப்பையும் விளக்கையும் தேடிச் சென்றார். ஆனால் கேட்க வேண்டிய முதற் கேள்வி வேறு: இவ்வீட்டில் யார் எங்கே உறங்குகிறார்கள்? விழித்திருப்பவனுக்குக் கண்ணும் மூக்கும் உண்டு. உறங்குபவனுக்கு மூக்கு உதவாது. புகை நாற்றம் நம்மை எழுப்பிவிடும் என்று பலர் நம்புகின்றனர். தூக்கத்தில் மோப்ப உணர்வு மங்கிவிடுகிறது என்பதே உண்மை. மேலும் புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு உறக்கத்தை மேலும் ஆழமாக்கி, எழ முடியாமலே செய்துவிடும். வீட்டுத் தீயில் இறப்போரில் பலர் தீயால் அல்ல, புகையாலேயே இறக்கின்றனர்.

ஆகவே உறங்கும் அறை ஒவ்வொன்றிலும் ஒரு மணி, அவ்வறைகளுக்கு வெளியே உள்ள நடை அல்லது கூடத்தில் ஒரு மணி, மாடியிருந்தால் ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது ஒரு மணி என்பதே அமெரிக்காவின் தேசியத் தீத் தடுப்புச் சங்கத்தாரின் விதி. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம் சற்று வேறு விதமானது. பகலில் அதிகம் புழங்கும் அறையில் ஒன்று, ஒவ்வொரு நடையிலும் மாடிப்படித் தலைப்பிலும் ஒவ்வொன்று, சமையலறையில் வெப்ப மணி ஒன்று. இவை யாவும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, ஒன்று ஒலித்தால் எல்லாம் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்கிறது அது. கம்பியின்றி வானொலி அலை மூலம் இணையும் மணிகள் இப்போது கிடைக்கின்றன. தறிக்கூடம் வீட்டின் ஒரு கோடியிலும் படுக்கை மறு கோடியிலும் இருக்கும் நீண்ட வீடுகளுக்கு இவை மிகவும் ஏற்றவை.

எல்லாம் வாங்க இயலாதவர் என்ன செய்வது? ஒன்றே ஒன்று வாங்கக்கூடுமாயின், உறங்குமிடத்துக்கும் வீட்டின் மற்றப் பகுதிக்கும் நடுவே, படுத்திருப்பவர் காதில் விழும் தொலைவில் அதைப் பொருத்துக. இரண்டாவது வாங்கும்போது மாடிப்படித் தலைப்பில் பொருத்துக. மாடிப்படி புகைக்கு ஒரு புகைபோக்கி போலப் பயன்படும். கீழே எழும் புகை மேலேறிச் செல்ல அதைவிட வசதியான வழி இல்லை.

நம்மவர் உறங்குமிடம் பருவத்துக்குப் பருவம் மாறுவது என்பதையும் மறக்கலாகாது. சித்திரை வைகாசியில் ஆடவர் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் படுப்பர். மார்கழியில் குடும்பமே ஓர் அறைக்குள் ஒடுங்கும். மணியின் ஒலி பத்தடித் தொலைவில் 85 டெசிபல் அளவினது என்பது உண்மையே. ஆனால் சாத்திய கதவுக்கும் சுழலும் மின்விசிறிக்கும் அப்பால் அது எவ்வளவு கேட்கும் என்பதை வீட்டார் படுத்துப் பார்த்தே அறிய வேண்டும். ஒருவர் மணியின் பொத்தானை அழுத்தட்டும். மற்றவர் தத்தம் பாயில் படுத்துச் செவி கொடுக்கட்டும்.

முதியோர்க்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. சாதாரண மணிகளின் ஒலி மிகக் கீச்சென்றது. வயதானால் முதலில் மங்குவது அத்தகைய கீச்சொலியைக் கேட்கும் திறனே. தாழ்ந்த சுருதியில், 520 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும் மணிகள் அவர்களை எழுப்ப வல்லவை என்று ஆராய்ச்சியில் கண்டுள்ளனர். அவை நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. சிறு குழந்தைகளும் மணியோசைக்கு எழாமல் உறங்கிவிடுவதுண்டு. ஆகவே பாட்டியையும் குழந்தைகளையும் எழுப்பும் பொறுப்பு இன்னாருடையது என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது நன்று.

கூரையும் காற்றும்

சூடான புகை நேரே மேலெழுந்து, கூரையில் முட்டி, அதன் அடிப்புறமாக நாற்புறமும் பரவும். ஆகவே மணியின் இடம் கூரையின் நடுப்பகுதி. சுவரும் கூரையும் சந்திக்கும் மூலையில் காற்று அசையாது தேங்கி நிற்பதுண்டாகையால், அம்மூலையிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளிப் பொருத்துமாறு தயாரிப்பாளர் கூறுவர். சுவரில்தான் பொருத்த வேண்டுமென்றால் கூரையிலிருந்து நான்கு அங்குலத்துக்குக் கீழும் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேலும் உள்ள பட்டையில் பொருத்தலாம். நம் வீடுகளில் இதனைக் கண்ணுக்கெட்டிய உயரத்தில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறோம். புகை அவ்வளவு கீழே இறங்கும்போது மனிதன் தப்ப நேரமிராது.

இவ்விதிகள் யாவும் சமதளக் காங்கிரீட் கூரையை மனத்திற் கொண்டவை. நம் அங்கத்தினர் வீடுகளில் அது பாதிக்குப் பாதிதான். தேக்கு விட்டங்கள் நெருக்கமாக ஓடும் பழைய மெத்தை வீடுகளில், இரு விட்டங்களுக்கு நடுவேயுள்ள பள்ளத்தில் ஒளித்து வைக்காமல் விட்டத்தின் அடிப்புறத்திலேயே மணியைத் திருகலாம். ஓட்டு வீட்டின் சரிவுக் கூரையில் முகட்டிலிருந்து மூன்றடிக்குள் பொருத்த வேண்டும். ஆனால் முகட்டின் உச்சி நான்கு அங்குலத்தை விட்டுவிட வேண்டும். அங்கேயும் காற்று தேங்கும். ஓட்டின் இடுக்குகள் வழியே காற்றும் தூசியும் புகுந்து கொண்டேயிருக்குமாதலால், கைமரத்தின் அடியில் ஒரு பலகை அறைந்து அதில் பொருத்துவது நமக்கு உசிதமாகத் தோன்றுகிறது.

தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் இன்னும் தொல்லையானவை. பெரும்பாலான வீட்டு மணிகள் 38 அல்லது 40 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பத்துக்காகவே செய்யப்பட்டவை. கத்திரி வெயிலில் தகரத்தின் அடியில் அதற்கு மேலும் கொதிக்கும். தவிரவும், கூரையடியில் அனற்காற்று ஒரு படலமாக நிற்கும்போது, கனன்று வரும் இளம் புகை அப்படலத்தை ஊடுருவ மாட்டாமல் கீழேயே மிதக்கும். மேலே இருக்கும் மணிக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே தகரத்தில் பொருத்தாமல், வெயில் படாத உட்சுவரில், கூரைக்குச் சற்றுத் தாழ்வாகப் பொருத்துவதே சரி. இது ஒரு சமரசமேயன்றி முழு வைத்தியம் அல்ல. நல்வேளையாக இரவில் தகரம் குளிர்ந்துவிடுகிறது. நமக்குக் கவலையும் இரவைப் பற்றியதே.

ஓலைக் கூரையில் மணி அதிகம் உதவாது. ஓலையைப் பற்றிய தீ பரவும் வேகத்துக்கு முன் எந்த எச்சரிக்கையும் பிந்தியதே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை நாம் மறந்துவிடவில்லை. அங்கே சமையற் கூடத்துத் தீயே ஓலைக்குத் தாவிற்று. ஓலை வேய்ந்தவர் அடுப்பையும் மின்கம்பியையும் கூரையிலிருந்து விலக்குவதில் முதலில் கவனம் வைக்க வேண்டும்.

முற்றம் உள்ள வீடுகளில் ஒரு செய்தி. திறந்த முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் மணியைப் பொருத்தினால், புகை அதனை எட்டுமுன் வானத்தைத் தேடிப் போய்விடும். சன்னல், வாயில் இவற்றின் அருகும் அவ்வாறே. மின்விசிறியின் இறக்கை நுனியிலிருந்து மூன்றடியும், குளிர்சாதனப் பெட்டியின் காற்று வாயிலிருந்து மூன்றடியும் விலகியிருக்க வேண்டும். நாம் சென்ற வீட்டில் ஓர் ஊதுபத்தியை ஏற்றி விசிறியின் அருகே பிடித்துப் பார்த்தோம். புகை மணி இருந்த இடத்தை நெருங்காமல், காற்றடித்த சருகுபோல் தரையை நோக்கி ஓடிற்று. பெரியவர் அதைப் பார்த்து நெடுநேரம் பேசாமல் நின்றார்.

அடுக்களை, பூசை, தறி

சமையலறைக்குள் புகை மணி வேண்டாம். அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி வைக்க வேண்டும். பத்தடிக்கும் இருபதடிக்கும் இடைப்பட்ட தொலைவானால் ஒளிமின் வகையாகவோ, சிறிது நேரம் ஒலியை அடக்கும் பொத்தான் உடையதாகவோ இருத்தல் நலம். வெந்நீர் ஆவி வெளிப்படும் குளியலறை வாயிலிலிருந்தும் மூன்றடி விலக வேண்டும். சமையலறைக்குள்ளேயே ஒன்று வேண்டுமென்பார்க்கு முன்னர்க் கூறிய வெப்ப மணி ஏற்றது. தாளிப்புக்கும் வறுவலுக்கும் அது அசையாது. எண்ணெய்ச் சட்டி பற்றி எரிந்தால்தான் ஒலிக்கும்.

எரிவாயு பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. சிலிண்டரிலிருந்து வாயு கசிந்தால் புகை மணி சொல்லிவிடும் என்று நம்பி வாங்கியவரை நாம் அறிவோம். புகை மணி வாயுவை அறியாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, ஆகவே தரையோடு தவழும். அதனைக் கண்டறியும் கருவி வேறு, அதன் இடமும் தரைக்கு அருகில்தான். ஒன்று கூரைக்கு, மற்றொன்று தரைக்கு என்று நினைவில் கொள்ளலாம். இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுப்பது எந்தக் கருவியும் கேளாத காரியம்.

பூசை அலமாரி, கொசுவர்த்திச் சுருள் வைக்கும் மூலை ஆகியவற்றின் நேர் மேலே பொருத்தினால் தினந்தோறும் தகராறுதான். சாம்பிராணி போடும் நாளில் என்ன செய்வது என்று மருமகள் கேட்டார். நியாயமான கேள்வி. சன்னல்களைத் திறந்து வைத்து, அடக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் போடுக, சில நிமிடங்களில் மணி தானே பழைய நிலைக்கு வந்துவிடும் என்றோம். மின்கலத்தைக் கழற்றுவது மட்டும் கூடாது. கழற்றியதைத் திரும்பப் போடும் வழக்கம் மனிதரிடம் இல்லை.

தறிக்கூடமே நமக்குக் கடினமான வினா. நெய்யும்போதும் நூல் சுற்றும்போதும் பறக்கும் பஞ்சுத் துகள் மணியின் இருண்ட அறைக்குள் படிந்து, ஒளியைச் சிதறடித்துப் பொய்யாக ஒலிக்கச் செய்யும். விசைத்தறியானால் சொல்ல வேண்டுவதில்லை. பூச்சிகளும் சிலந்திகளும்கூட உள்ளே குடியேறி அதே குழப்பத்தை விளைவிக்கும். நள்ளிரவில் அந்த மூன்றாவது மணி காரணமின்றிக் கத்திற்று என்று பெரியவர் கூறினாரல்லவா? கழற்றிப் பார்த்தபோது வலையில் வெண்ணிறத் துகள் தலையணை அடைத்ததுபோல் அப்பியிருந்தது. ஆகவே தறி ஓடும் கூடத்தின் உள்ளே வெப்ப மணியும், கூடத்திலிருந்து வீட்டுக்குள் நுழையும் வாயிலுக்கு உட்புறத்தில் புகை மணியும் வைப்பது நம் யோசனை. நூற்சிட்டங்களை அடுக்கி வைக்கும் அறை வேறாக இருந்து, அங்கே தூசி குறைவாயின், அதனுள்ளேயே ஒளிமின் மணி வைக்கலாம். இன்வெர்ட்டரும் மின்சார ஸ்கூட்டரை மின்னேற்றும் இடமும் இந்த அறையிலோ படுக்கையறையிலோ, வெளியேறும் வழியிலோ இருத்தல் தகாது. அவற்றை இடம் மாற்ற இயலாதவர் அவற்றுக்கு அருகே மணி ஒன்று வைப்பதைக் கட்டாயமாகக் கொள்ள வேண்டும்.

விவசாய அங்கத்தினருக்கும் ஒரு வார்த்தை. மாட்டுத் தொழுவத்தில் கொசுவுக்கு மூட்டம் போடும் வழக்கம் உள்ளவரை அங்கே புகை மணிக்கு வேலையில்லை. பருத்தி, கொப்பரை, வைக்கோல் இவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி அடுக்குவதே மேல். ஈரம் உலராத வைக்கோல் போரினுள் தானாகவே வெப்பம் மூண்டு பற்றுவதும் உண்டு. பருத்தியை வீட்டு அறையிலேயே குவித்து வைத்திருக்கும் மாதங்களில், அவ்வறைக்கு வெளியே, ஆட்கள் படுக்கும் பக்கமாக ஒரு மணி இருக்கட்டும்.

பொருத்திய பின்

மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். துடைப்பக் காம்பால் அழுத்தினாலும் போதும். ஆறுமாதத்துக்கொரு முறை மென்மையான தூரிகையால் தூசி தட்ட வேண்டும். நெசவாளர் வீட்டில் மாதந்தோறும். நிமிடத்துக்கு ஒருமுறை சிள்வண்டுபோல் ‘கிச்’சென்று ஒலித்தால் மின்கலம் தீர்கிறது என்று பொருள். தீ எச்சரிக்கை அவ்வாறன்று. மும்மூன்றாக விட்டுவிட்டு ஒலிக்கும். பத்தாண்டு உழைக்கும் மின்கலம் உள்ளேயே அடைக்கப்பட்ட மணிகளும் உண்டு. எவ்வகையானாலும் பத்தாண்டுக்குப் பின் மணியையே மாற்றிவிட வேண்டும். தயாரித்த தேதி பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்போர் மணியின் மீதும் ஒரு பூச்சுப் பூசிவிடுவதைப் பார்த்திருக்கிறோம். துவாரங்கள் அடைபட்ட மணி வெறும் அலங்காரப் பொருளே. வெள்ளையடிக்கு முன் அதைக் கழற்றி வைத்து, முடிந்த அன்றே திரும்ப மாட்ட வேண்டும்.

மணி ஒலித்தால் வெளியேறுவதற்கு வழி வேண்டும். நம் ஊர்களில் திருடருக்கு அஞ்சி இரவில் கம்பிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தலையணைக்கு அடியிலோ பீரோவினுள்ளோ வைக்கிறோம். புகை சூழ்ந்த இருட்டில் அந்தச் சாவியைத் தேட முடியுமா? கதவருகிலேயே, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், ஓர் ஆணியில் அது தொங்கட்டும். புகைக்குள் செல்ல நேர்ந்தால் குனிந்து, தவழ்ந்து செல்க. தரையருகில்தான் மூச்சுவிடக் காற்றிருக்கும். வரும்போது தீயுள்ள அறையின் கதவைச் சாத்திவிட்டு வருக. வெளியே வந்த பின் 101 அல்லது 112 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். சேலையை எடுக்கவோ பாவை அவிழ்க்கவோ மீண்டும் உள்ளே நுழைவதை மட்டும் சங்கத்தின் பெயரால் தடுக்க விரும்புகிறோம். நூல் சங்கத்தினுடையதே. அதற்குக் கணக்கு எழுதிக் கொள்ளலாம்.

அந்த வீட்டில் அண்டாவிலிருந்து மூன்று மணிகளும் இறங்கிவிட்டன. துகள் அப்பியிருந்ததைச் சுத்தம் செய்து பார்த்ததில் அதுவும் பழுதின்றி ஒலித்தது. ஒன்று, பெரியவரும் மூதாட்டியும் உறங்கும் கூடத்துத் தேக்கு விட்டத்தின் அடியில். மற்றொன்று, இளைய மகன் குடும்பம் இருக்கும் மாடியின் படித் தலைப்பில். மூன்றாவது, புதுப்பித்த தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட நடையில். தறிக்கூடத்துக்கும் அடுக்களைக்கும் வெப்ப மணி வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதப் பிறப்பன்று பொத்தானை அழுத்தும் உத்தியோகம் பேத்தியைச் சார்ந்தது. மூதாட்டிக்கு மட்டும் கீச்சொலி சரியாகக் கேட்கவில்லை. ஆகவே அவர் பாய் இப்போது மருமகளின் பாய்க்கு அடுத்ததாக விரிக்கப்படுகிறது.

தனித்தனியே வாங்குவதைவிடச் சங்கத்தின் மூலம் மொத்தமாகத் தருவித்தால் கிரயம் குறையும் என்பதால், இவ்விஷயத்தை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்கக் காரியதரிசி இசைந்துள்ளார். மணி வேண்டும் அங்கத்தினர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கும்போது, வீட்டுக் கூரை ஓடா, தகரமா, காங்கிரீட்டா என்பதையும், தறி வீட்டுக்குள் உள்ளதா வெளியே உள்ளதா என்பதையும், இரவில் எத்தனை இடங்களில் படுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.